முதுகால் மறைத்த பெயர்கள்

போன மாதம் எங்கள் பள்ளியில் ஆண்டு விழா. பகைக் குடும்பங்களில் பிறந்த இருவர் காதலிக்கும் பழைய நாடகம் ஒன்றைப் பிள்ளைகள் போட்டார்கள். அட்டையில் கோட்டை, அட்டையில் வாள், பத்தாம் வகுப்பில் காதலன். அவன் மேடை நடுவில் வந்து கையை விரித்து, காதலுக்காகத் தன் பெயரையே உதறிவிட்டதாகச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாத்தியார் நான்தான். தலைமையாசிரியர் திரும்பி முறைத்தார். இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன். அன்றைய விழாவில் நல்ல நடிப்பு என்று சொன்னால் அந்த இருமல்தான்.

நானும் ஒரு காலத்தில் என் பெயரை உதறியவன். அந்தப் பையன் காதலில் உதறினான், நான் பயத்தில் உதறினேன்.

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அவளுடைய பெயரை எழுதும் தகுதி எனக்கு எப்படிப் போனது என்பதுதான் விஷயமே.

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்குத் தையல் கடை. சுவரை ஒட்டி அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, ஜவுளிக்கடை. அங்கே துணி எடுத்து இங்கே தைக்கக் கொடுப்பார்கள். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பொங்கல் அந்தப் பக்கம் போகும். ஒருநாள் நைனா ஆசைப்பட்டுத் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் புதுப் பலகை மாட்டினார். அது இரண்டடி நீண்டு, அத்தாவின் பலகையில் அவர் பெயரின் பாதியை மறைத்தது. அத்தா கடைப்பையனை அனுப்பிக் கேட்டார். நைனா, "பேரு தெரியலன்னா கடைய கொஞ்சம் தள்ளி வெச்சிக்க சொல்லு" என்றார். அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் பேச்சு இல்லை. அவர் துணியை நைனா தைக்க மாட்டார். நைனாவுக்கு நூல் வேண்டுமென்றால் திண்டிவனம் போய் வாங்குவார். மதம் வேறு என்பது இரண்டு வீட்டுக்கும் ஞாபகம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

இந்த லட்சணத்தில் எனக்கும் அவளுக்கும் திண்டிவனத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் பழக்கமாயிற்று. எனக்கு இருபத்தாறு வயது, அந்த ஊர் டுடோரியலில் சாயங்காலக் கணக்கு வகுப்பு. அவளுக்கு இருபத்துநாலு, திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. நான் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் சிரிக்க மாட்டாள். நல்ல ஜோக்குக்கு மட்டும் சிரிப்பாள். அதனால் என் தரம் உயர்ந்தது.

ஊரில் காதலிப்பவர்கள் எல்லாரும் கோட்டைக்குப் போய்ச் சுவரில் செங்கல்லால் பெயர் கிறுக்கிவிட்டு வருவார்கள். நானும் கூப்பிட்டேன்.

"கோட்ட சுவத்துல இருக்கற பேர பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது" என்றாள். "கவர்மென்ட் பேப்பர்ல எழுதுறியா? அதுக்கு தைரியம் இருக்குதா?"

"ஏன் இல்ல?" என்றேன். இருந்ததா என்று பார்க்காமலே சொன்னேன்.

மதம் மாறாமல் பதிவுக் கல்யாணம் செய்ய ஒரு வழி உண்டு. பெண், மாப்பிள்ளை பெயர், வயது, தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் எழுதி மனு கொடுத்தால், அதை அறிவிப்பாக முப்பது நாள் ரெஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாள் தாண்டிவிட்டால் கல்யாணம். அதற்குள் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிட்டால், எங்கள் கதை முடிந்தது. மனுவில் அவள் கையெழுத்து ஒரே சீராக விழுந்தது. என் கையெழுத்து மேடு பள்ளத்தில் போன மாட்டுவண்டி மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் சொன்னாள்: "முப்பது நாளு. நீ ஒண்ணும் செய்ய வேணாம். கம்முனு இரு, அது போதும்."

உலகத்திலேயே எனக்குக் கைவராத ஒரே வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். ஏதோ ஓர் ஏல அறிவிப்புக்கும் பழுப்பேறிய ஒரு சுற்றறிக்கைக்கும் நடுவில் எங்கள் காகிதம். நைனா பெயரும் அத்தா பெயரும் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒன்றை ஒன்று மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பத்திரம் பதிய வந்த ஒரு பெரியவர் பலகைப் பக்கமாகக் கொட்டாவி விட்டார். எனக்கு அவர் படிப்பதாகவே பட்டது. ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதுகை ஒட்டி, கைகளைக் கட்டி, கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மறுநாளும் நின்றேன். அதற்கு மறுநாளும் நின்றேன். அந்தப் பலகையைச் செஞ்சியில் யாரும் படித்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய்விடுவேன்.

வாசலில் புங்க மரத்தடியில் மேஜை போட்டிருந்த பத்திரம் எழுதுகிறவர் மூன்றாம் நாள் ஆரம்பித்தார்.

"இன்னா வாத்தியாரே, டெய்லி வந்து நிக்கறே? நெலம் வாங்கறியா, விக்கறியா?"

"நோட்டீஸ் பாக்கறேண்ணே."

"முதுகாலயா பாக்கறே?"

மரத்தடியே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வேர்த்ததில் சட்டை நனைந்து, பின்னால் இருந்த காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. கிழிந்துவிடுமோ என்று அதற்கும் பயம்.

பத்து நாளில் நான் ரெஜிஸ்டர் ஆபீஸின் வேடிக்கைப் பொருளாகிவிட்டேன். டீக்கடையிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பலகையை மறைப்பது எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது. நைனா மறைத்ததில் ஒரு கடை பெயரிழந்தது. நான் மறைத்ததில் ஊரே பலகையைப் பார்க்க ஆரம்பித்தது.

பதினோராம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களால் ரோடு அடைத்துக்கொண்டு, அவள் போகும் பஸ் நகராமல் நின்றிருக்கிறது. முன் சீட்டில் இரண்டு பேர், ரெஜிஸ்டர் ஆபீஸில் ஒரு வாத்தியார் மூளை குழம்பி போர்டுக்குக் காவல் நிற்பதாகப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அவள் இறங்கி நேராக நடந்து வந்திருக்கிறாள், என்னை இழுத்துப்போக. இதெல்லாம் பிற்பாடு அவளுடைய தோழி சொல்லித் தெரியும்.

அவள் வாசலை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, நிலம் பதிய வந்திருந்தார் அவளுடைய தாய்மாமா. என்னை அவருக்கு அடையாளம் தெரியும். நான் பலகையோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். அப்போது பார்த்துப் பத்திரம் எழுதுகிறவருக்குக் குஷி பிறந்தது.

"பாய், பதினோரு நாளா இந்த வாத்தியாரு அந்த போர்ட வுட்டு நகரல. பின்னாடி இன்னாதான் இருக்குதுன்னு நீங்களாவது பாத்து சொல்லுங்க!"

மாமா சிரித்துக்கொண்டே வந்து, என் தோளில் கை வைத்து, கதவைத் திறப்பதுபோல என்னை ஒதுக்கினார். கண்ணாடியை மாட்டினார். ஏல அறிவிப்பைப் படித்தார். அடுத்ததற்கு வந்தார். சிரிப்பு நின்றது. வெகுநேரம் படித்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, இது நீதானே?"

"நான் இல்லீங்க."

"உன் பேரு போட்டிருக்குது."

"இந்தப் பேருல நெறைய பேரு இருக்காங்க."

"நைனா பேரும் போட்டிருக்குது."

"அந்தப் பேருலயும் நெறைய பேரு இருக்காங்க."

"கதவு நம்பரு?"

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். "நம்பரு அடிக்கடி மாத்துறாங்க" என்றேன்.

மரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் இளித்துக்கொண்டு நின்றேன். இளிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. அப்போதுதான் மாமாவின் தோளுக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று முகமே சொன்னது.

முன்னால் வந்தாள்.

"அது நான்தான் மாமா. என் பேரு, அத்தா பேரு, கதவு நம்பரு, எல்லாம் சரி." காகிதத்தைக் கையால் காட்டினாள். "பக்கத்துல போட்டிருக்கற ஆளு யாருன்னு எனக்குத் தெரியல."

மாமா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட இன்றைக்கு அதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "செரி தம்பி. இந்தப் பேருள்ள ஆள எங்கயாவது பாத்தா, வீட்டுக்கு வரச் சொல்லு. பேசணும்" என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேசணும் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அடிக்கவா, கேட்கவா, சம்மதிக்கவா? அவருடைய வீடு எங்கள் கடையிலிருந்து நாலு நிமிஷ நடை. நான் போகவில்லை. முதல் வாரம் ஜுரம் என்று சொல்லிப் படுத்தேன். தொட்டுப் பார்த்த அம்மா, சில்லென்று இருக்கிறதே என்றாள்.

அறிவிப்பு பாக்கி நாட்களும் அங்கேயே தொங்கியது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அத்தா வரவில்லை, நைனா வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு எழுந்த ஒரே ஆட்சேபணை என்னுடையதுதான்.

முப்பத்தோராம் நாள் போனேன். இந்தத் தடவை பலகைக்கு எதிரில், அதைப் பார்த்தபடி நின்றேன். ஆபீஸ் மூடும்வரை அவள் வரவில்லை. பத்திரம் எழுதுகிறவர் மேஜையைத் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் செல்லும் அந்தப் பேப்பரு. போயி கூப்புடு வாத்தியாரே."

தலையாட்டினேன். அந்த இரண்டு மாதமும் தலையாட்டிக்கொண்டே போனது.

அவள் ஆரணியில் வாக்கப்பட்டுப் போனாள். எனக்கும் வேலை, கல்யாணம், குழந்தைகள். இந்தக் கதையை என் மனைவியிடம் ஜோக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். கதவு நம்பர் வரும்போது விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டு கடைப் பலகைகளையும் ஒரே நாளில் கழற்றினார்கள். நைனா காலமான பிறகு, அத்தா தளர்ந்துபோனதால் அவள் திரும்பி வந்து ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் அரசு ஆஸ்பத்திரி. எனக்கு பிரஷர். அந்தக் காலத்தில் இதைப் பயம் என்றார்கள், இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டு ஆள் தள்ளி அவள். காதோரம் நரை, மடியில் அத்தாவின் மருந்துச் சீட்டு. நான் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.

நர்ஸம்மா என் பெயரைக் கூப்பிட்டார். என் பெயரில் மூன்று அட்டைகள் இருந்தனவாம். நிறைய பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை. அதனால் நைனா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. கொசுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டார்.

பக்கத்திலிருந்து, என்னைப் பார்க்காமல், சீட்டைப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"கூப்புடறாங்க. அது வேற ஆளா?"

"நான்தான்" என்றேன். எழுந்து நின்று சொன்னேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்து, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

நர்ஸம்மா அட்டையை என் கையில் திணித்தார். "இங்கதான் இருக்கீங்கன்னா வாயத் தொறந்து மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார்?"