வாங்கிக்கொண்ட புகையிலை

வெர்னா லாங் எல்க் லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. தெற்கு டகோட்டாவில் தன் பழங்குடி மக்களின் பகுதியில் இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். உறைந்த சாலையையே நம்பாதவள், சிரித்த முகத்தையா நம்பப்போகிறாள்? நாற்பத்து மூன்று வயதில் பழங்குடிக் கல்லூரியில் நர்சிங் சேர்ந்தபோதும், "இது எத்தனை நாளைக்கு நடக்கும்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பயந்தது பலித்துவிட்டது. அரசு நிதியைக் குறைக்க, கல்லூரி ஆட்குறைப்புப் பட்டியல் போட்டது. நர்சிங்குக்கு இருந்த ஒரே ஆசிரியை மார்லிஸ் பெயரும் அதில் இருந்தது. அவள் போனால் வகுப்பே இல்லை. வெர்னாவுக்கோ இன்னும் ஒரே ஒரு பருவம்தான் பாக்கி. மார்லிஸுக்கு ரேபிட் சிட்டியில் ஒரு மருத்துவமனை வேலை தயாராக இருந்தது.

"நீங்க வாஷிங்டன் போய்ப் பேசிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லாம இருக்கேன்" என்றாள் மார்லிஸ்.

அப்படித்தான் வெர்னாவும் அதே கல்லூரியில் கணினி படிக்கும் டைசனும் வாஷிங்டனுக்கு வந்தார்கள். நிதிக் குழுவில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினரின் அறைக்குள் நுழைந்ததுமே வெர்னாவுக்கு உறுத்தியது. சுவரெல்லாம் இறகுக் கிரீடம் சூடிய தலைவர்களோடு அவர் எடுத்துக்கொண்ட படங்கள். இத்தனை பேர் வந்து கேட்டும் குறைப்பு நின்றபாடில்லையே?

மனிதர் குழைந்தார். காபி வந்தது. வெர்னா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கண் மட்டும் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியில் டைசன், ஊர் வழக்கப்படி, சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை நீட்டி, "எங்க டீச்சர்களைக் காப்பாத்துங்க" என்றான். அவர் சட்டென்று வாங்கிக்கொண்டார். டைசன் முகம் மலர்ந்துவிட்டது. புகையிலையை வாங்கினவர் கேட்டதைச் செய்தாக வேண்டும். அவர்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு கையெழுத்து கிடையாது.

வெர்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயா, அது என்னன்னு தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"அழகான பரிசும்மா. அலமாரியில வெக்கப்போறேன்."

"பரிசு இல்லைங்க. வாங்கினா, கேட்டதுக்குச் சம்மதம்னு அர்த்தம். சம்மதம் இல்லாதவங்க தொட மாட்டாங்க."

அவர் பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். முடிச்சு மேசைக்கு இறங்கி, மெல்ல வெர்னா பக்கம் நகர்ந்து வந்தது.

வெளியே வந்ததும் டைசன் கொதித்தான். "ஏன் அத்தை வாயைத் திறந்தீங்க? வாங்கிட்டார்ல! சும்மா இருந்திருக்கலாம்ல?"

"சும்மா இருந்தா அந்த ஆள் சாயங்காலமே மறந்திருப்பான்டா. நாமதான் ஊர்ல உக்காந்து காத்துக்கிட்டிருப்போம். மார்லிஸும் சேர்ந்து."

"உங்களால யாரைத்தான் நம்ப முடியும்!"

இந்த ஒரு தடவையாவது தன் சந்தேகம் பொய்த்துப் போகாதா என்று அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவனுக்குத் தெரியாது. போனை எடுத்தாள்.

"மார்லிஸ், ரேபிட் சிட்டிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்."

"அப்ப உன் படிப்பு?"

"நீ முதல்ல அவங்களுக்குச் சொல்லு" என்றாள் வெர்னா.