தொகையைக் கேட்ட கம்ப்யூட்டர்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கு ஒரு கடை இருந்தது. திரைத்துணி, மெத்தை விரிப்பு, சோபா உறை, மிதியடி என்று வீட்டுக்கு அழகு சேர்க்கும் சாமான்கள். வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பெண்கள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். அதோடு கூச்ச சுபாவம். எவ்வளவு விலைக்குள் பார்க்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை. நடுத்தர விலையில் ஒன்றை விரித்துப் போடுவேன். வந்திருக்கும் அம்மாவின் கை துணியைத் தடவி, விலைச் சீட்டைத் தொட்டு, அப்படியே பின்வாங்கினால், அதன் மேலேயே மலிவான ரகத்தை விரிப்பேன். இருவரும் அதைப்பற்றிப் பேச மாட்டோம். தொண்ணூறுகள் முழுக்க அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடி வைத்த ஷோரூம் ஒன்று வந்தது. ஜனங்கள் டூவீலரில் அங்கே போக ஆரம்பித்தார்கள். வரும் பொங்கல் வியாபாரமும் படுத்தால் கடையை மூடிவிடுவது என்று நானும் என் மனைவியும் பேசி முடித்துவிட்டோம்.

அப்போது மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் இருந்தான். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, சென்னையில் பார்த்த வேலை போய் வந்திருந்தான். கடையில் ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம் என்றான். குவார்ட்டர்ஸில் எல்லாக் கூடமும் ஒரே அளவு, ஒரே ஜன்னல். அந்தக் கூடத்தின் படத்தில் நம் சாமான்களைப் பொருத்திக் காட்டினால், குறைந்த செலவில் வீடு எப்படி மாறும் என்று பார்த்துவிட்டு வாங்குவார்கள் என்றான்.

மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களைப் படம் பிடிக்கும் ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி வந்தான். வாடிக்கைக்கார அம்மா ஒருவர் தன் கூடத்தைக் காலி செய்து கொடுத்தார். நான் ஒவ்வொரு திரையாக மாட்டினேன், அவன் படம் எடுத்தான். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு வேலையில் சந்தோஷம் இருந்தது அப்போதுதான்.

முதல் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று அவன் கேட்டான். எவ்வளவு செலவு செய்யலாம் என்று அதுவே கேட்கட்டும் என்றேன். என்னால் கேட்க முடியாததை ஒரு இயந்திரம் கேட்டுவிட்டால் பெரிய பாரம் குறையும் என்று நினைத்தேன். அவனும் அதை வைத்தே எல்லாவற்றையும் அமைத்தான். தொகையைத் தட்டினால், அதற்குள் அடங்கும் திரையும் உறையும் மிதியடியும் கூடத்துக்குள் வந்து உட்காரும்.

கார்த்திகைக் கடைசியில் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத் தொடங்கினோம். நல்ல கூட்டம். குவார்ட்டர்ஸ் பெண்கள் கடைக்குத் தனியாக வருவதில்லை. யார் வீட்டுக்காரருக்கு வேலையில் என்ன கிரேடு என்று எல்லோருக்கும் தெரியும். இது எனக்கும் தெரியும். ஆனாலும் என் புத்திக்கு எட்டவில்லை.

முதலில் உட்கார்ந்த அம்மா இரண்டாயிரம் என்று தட்டினார். பக்கத்தில் அவர் கணவரின் மேலதிகாரி மனைவி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு இன்னொரு சைபரைச் சேர்த்தார். கூடம் பளபளவென்று மாறியது. ரொம்ப நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரரை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "இருவதாயிரம் பார்ட்டி மாமா. பொங்கலுக்குள்ள ஷோரூம்காரன் பேஜாராய்டுவான் பாரு."

அந்த அம்மா வரவில்லை. அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களும் அப்படியே. இருப்பதைவிடக் கூட்டித் தட்டிவிட்டு, பிறகு எந்த முகத்தோடு மலிவுத் துணியைக் கேட்பது? சிலர் எங்கள் பக்கம் வராமல் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார்கள்.

வருடா வருடம் பொங்கலுக்கு வாசல் திரை வாங்கும் மீன்காரம்மா ஒருவர்தான் வாயைத் திறந்து சொன்னார். அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, ஆளு உள்ள வரத்துக்குள்ள கையில எவ்ளோ டப்பு கீதுன்னு கேக்குது உன் பொட்டி. நீயே என்னாண்ட அத்தக் கேட்டதில்லியே."

திரை வாங்காமலே போய்விட்டார்.

தொகையைக் கேட்கும் அந்த முதல் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி மச்சானிடம் கேட்டேன்.

"அத்த எடுத்தா மொத்தமும் வுழுந்துடும் மாமா. எல்லாத்தையும் அதும்மேலதான் கட்டிகீறேன்."

தட்டுபவருக்கு மட்டும் தெரியும்படி கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். எதையோ மறைக்கிறோம் என்று பேச்சு கிளம்பி அதுவும் வினையாயிற்று. போகியன்று தெரு முழுக்கப் பழைய பாய் எரிந்த புகை. புதிதாக வாங்க எங்கள் படி ஏறியவர் யாருமில்லை.

பொங்கல் முடிந்ததும் மச்சான் சென்னைக்கு பஸ் ஏறினான். அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடம் சொல்ல அவனுக்கு என்ன இருந்தது?

மிச்சச் சரக்கைக் கடை முன்னால் பாய் விரித்துக் கொட்டினோம், பாதி விலைக்கு. கடையை மூடப் போகிறோம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் திரண்டு வந்தார்கள். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விரித்தார்கள், தடவினார்கள், பேரம் பேசினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். சைபர் சேர்த்த அம்மா ஒரு ஜோடி மலிவுத் திரை எடுத்தார். பொங்கலில் நான் காணாத வியாபாரம் அது.

இருட்டும் நேரத்தில் ஒரு அம்மா நீலத் திரை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இத்த தனியா எடுத்து வைங்க. நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் காலை கட்டிடத்துச் சொந்தக்காரரிடம் கடைச் சாவியை ஒப்படைக்க வேண்டும். நான் சரி என்று தலையாட்டினேன். அந்த நீலத் துணியை மடித்துத் தனியாக வைத்தேன்.