மணப்பெண்ணை அழவைக்கும் பாட்டு

வயலினைக் காலில் வைக்காதே என்று இந்த ஊரில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மா தீரி தன் கைக்குட்டையை மடித்து, என் கணுக்காலுக்கும் அதன்மேல் சாய்ந்திருந்த வயலின் தலைக்கும் நடுவே செருகிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான். திருச்சியில் எல்லாரும் அப்படித்தானே வாசிக்கிறோம்? தரையில் உட்கார்ந்து, ஒரு முனையைத் தோளிலும் மறுமுனையைக் காலிலும் கொடுத்து. புத்தகத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற எனக்கு, இத்தனை வருடம் அது உறைக்கவே இல்லை. பர்மியர்களுக்குக் கால் என்பது உடம்பிலேயே தாழ்ந்த இடம். அந்தச் சிரிப்பு கண்டிப்பா, கேலியா, பிரியமா? யாங்கோனுக்கு மருமகளாக வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கத்துச் சிரிப்பைப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

மா தீரி எங்கள் குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். நாங்கள் நான்கு பேர், நால்வரும் பெண்கள். இந்த ஊரின் பபேடான் பகுதியில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண் கிரேஸ் டிரம் அடிக்கிறாள். அக்கார்டியனோடு எங்களைக் கட்டி மேய்ப்பவள் மிரியம். அர்ஜென்டினாவிலிருந்து இங்கே ஒரு பள்ளிக்கு இசை சொல்லிக்கொடுக்க வந்த யூதப் பெண். வாசிப்பது கிளெஸ்மர், அதாவது கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் கல்யாணங்களில் வாசித்த இசை. பாடுவது அவர்கள் வீட்டுமொழியான யித்திஷில். மிரியத்தைத் தவிர எங்களில் யாருக்கும் அதில் ஒரு வார்த்தை புரியாது. தாமுவேயில் எங்கள் வீட்டு முன்னறையில், மின்சாரம் இருந்து மின்விசிறி ஓடுகிற நேரம் பார்த்து ஒத்திகை. ஊர்வலத்தோடு நடந்துகொண்டே வாசிக்கிற இசை, ஆகவே நின்றுதான் வாசிக்க வேண்டும் என்றாள் மிரியம். நின்றால் எனக்கு விரலே ஓடவில்லை. ஆனால் அவள் முதல் மெட்டை வாசித்ததும் திடுக்கிட்டுப்போனேன். சுரங்கள் அப்படியே நம் வகுளாபரண ராகம். நடுநடுவே சுரம் விம்ம வேண்டும் என்றாள். அதற்கு, சுரத்தை அசைத்து வாசிக்கிற என் கமகம் போதும். "அழு, இன்னும் கொஞ்சம் அழு" என்று ஆங்கிலத்தில் கத்துவாள். அடுத்த வீட்டுப் பர்மிய அம்மாள், எனக்கு ஏதோ குடும்பக் கஷ்டம் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் கல்யாணத்தில் மணப்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் அழுவதற்கென்றே ஒரு மெட்டு வாசிப்பார்களாம். இதைக் கேட்டதிலிருந்து, கல்யாணம் நிச்சயமாகியிருந்த என் நாத்தனார் பிரேமாவுக்கு அதன்மேல்தான் கண். மாப்பிள்ளைக்குப் பாங்காக்கில் வேலை. போனால் மறுபடி எப்போது வர முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் இது.

"அண்ணி, கல்யாணத்தன்னிக்கி அத எனக்கு வாசிங்க."

"அழுதுருவியேடி?"

"அதுக்குத்தான். நான் அழுதா அம்மா தாங்க மாட்டாங்கன்னு சிரிச்சிக்கிட்டே இருக்கேன். அம்மாவும் அப்பிடித்தான் சிரிக்கிறாங்க. பாட்டு கேட்டு அழுதா, பழி பாட்டு மேல போயிரும்ல?"

இந்த வீட்டில் என்னோடு மனம்விட்டுப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் மணவீட்டில் அழுகைச் சத்தம் கேட்கலாமா? என் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் சித்தி தும்மப் போனாள்; அப்பா விரலை ஆட்டினார்; கெட்டிமேளத்தில் தும்மலோடு அம்மாவின் விம்மலும் அமுங்கிப்போயிற்று. அதற்குத்தானே கெட்டிமேளம்? எதற்கும் மாமியாரிடம், எங்கள் குழு வாசிக்கலாமா அத்தை என்று கேட்டேன். "யாதே, வாசிக்கட்டும்" என்று சிரித்தார். யாதே என்றால் பர்மிய மொழியில் ஆகட்டும், பரவாயில்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாதவர்களும் இங்கே அதைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பபேடான் கோயில் மண்டபத்தில், முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், பிரேமாவை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நான் நின்றபடி ஆரம்பித்தேன். முதல் விம்மலிலேயே அவள் உதடு துடித்தது. மணவறைப் பக்கத்திலிருந்து அத்தை ஓடிவந்தார்.

"அய்யய்யோ, நல்ல நேரத்துல என்னாது இது! கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

விரல் ஆடியது. மேளக்காரர் நின்று கேள்வி கேட்பாரா? நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக முழங்கின. தாலி கட்டியாயிற்று போலிருக்கிறது என்று மண்டபமே எழுந்து எங்கள்மேல் அட்சதையை வீசியது. ஓரமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். ஊரே மெச்சி அரிசி தூவுகிறது என்று மிரியம் உற்சாகமாகி, ஆட்டப் பாட்டுக்குத் தாவிவிட்டாள். மா தீரியும் அவள் பின்னாலேயே போனாள். விஷயம் புரிந்த கிரேஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். நிறுத்துவதா, தொடர்வதா? என் வயலின் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் பிரேமாவைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்குள், யாருக்கும் கேட்காமல், தோள் குலுங்க ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அத்தை அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. மறு கையால் மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேளம் நிற்க அவர் விடவில்லை. நானும் நிறுத்தவில்லை.

பிறகு நிஜமாகவே தாலி ஏறியபோது பலர் கையில் அட்சதை இல்லை, கையைத் தட்டினார்கள். இப்படி ஒரு கல்யாணத்தில் வாசித்ததே இல்லை என்று மிரியம் பூரித்துப்போனாள். என்ன நடந்தது என்று நானும் கிரேஸும் விளக்கியும் அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கோவமா அத்தை?" என்று கேட்டேன். "யாதேம்மா" என்று சிரித்தார். மன்னிப்பா, நன்றியா, இரண்டும் இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னால் மறுபடி கேட்கவும் முடியவில்லை.

அன்று விழுந்த அட்சதையில் ஒரு மணி துளை வழியாக வயலினுக்குள் போய்விட்டது. குலுக்கிக் கொட்டிவிடு என்கிறாள் மிரியம். எனக்கு மனம் வரவில்லை. நின்று வாசிக்கத் தூக்கினால் அது என் கழுத்துப் பக்கம் உருண்டுவருகிறது. உட்கார்ந்து, மா தீரியின் கைக்குட்டை போட்ட காலில் சாய்த்தால் கால் பக்கம் ஓடுகிறது. போன வாரம் பாங்காக்கிலிருந்து பிரேமா கூப்பிட்டு, அந்தப் பாட்டை வாசிங்க அண்ணி என்றாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். "என்னா அண்ணி, உள்ள ஏதோ உருளுது?" என்று கேட்டாள் பிரேமா.