அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு வால்வு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கடலூரில் நெருக்கமான கடைத்தெரு ஒன்றில் இருந்த ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினோம். நான் சைட் இன்ஜினீயர். சிதம்பரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். பொறுமை எனக்கு எப்போதும் குறைவு. அந்த நாட்களில் சுத்தமாகவே இல்லை.

கேட்டை ஒட்டி ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். கேட் மூடினால் வண்டிகள் நிற்கும். நிற்பவர்கள் டீயும் போண்டாவும் வாங்குவார்கள். அதுதான் அவருடைய வியாபாரமே. தோண்டுவதற்கு முதல் நாள் என்னிடம் வந்து, "சார், இங்க பழைய தண்ணி பைப்பு ஒண்ணு போவுது. பாத்துத் தோண்டுங்க" என்றார்.

"டிராயிங்ல அப்படி எதுவும் இல்லக்கா. நீங்க போண்டா கருகாம பாத்துக்குங்க" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பிழைப்பு போய்விடுமே என்று முட்டுக்கட்டை போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரயில்களை நிறுத்தினார்கள். எங்களுக்குக் கொடுத்தது ஐந்து மணி நேரம். அதற்குள் தண்டவாளத்தைக் கழற்றி, தோண்டி, கான்கிரீட் பெட்டிகளை இறக்கி, மறுபடி தண்டவாளம் பூட்ட வேண்டும். பதினொன்றரைக்குப் பொக்லைன் எதையோ இடித்தது. பள்ளத்தில் தண்ணீர் பீறிட்டது. இரண்டு மோட்டார் போட்டும் வற்றவில்லை. கரை மண் சரிய ஆரம்பித்தது. ஒட்டியிருந்த வீட்டுச் சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போனும் கையுமாக அங்குமிங்கும் ஓடினேனே தவிர, அந்த அக்காவிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை.

அவரே வந்தார். "வால்வு என் அடுப்பு மேடைக்குக் கீழ கெடக்கு. ஒடைங்க சார்."

எண்ணெய்ச் சட்டியை ஏற்கெனவே இறக்கி ஓரமாக வைத்திருந்தார். கடப்பாரையால் இடித்தோம். செங்கல்லுக்கு அடியில் துருப்பிடித்த வால்வு. நாலு பேர் சேர்ந்து திருகி மூடியதும் தண்ணீர் அடங்கியது. மீதி வேலையை முடித்தோம்; இருபது நிமிடத் தாமதத்தோடு முதல் ரயில் போனது.

"உங்க கடைய நாங்களே இடிச்சிட்டோமேக்கா" என்றேன்.

"பாதை வந்தா இங்க எவன் சார் நிக்கப்போறான்? அதுக்காக பக்கத்து வூட்டுச் சுவரு விழறத வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிதறிய சாம்பலைக் கூட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுவாரமே மேடையைக் கட்டிக் கொடுத்தோம். ஆனால் பாதை திறந்த சில மாதங்களில் கடையே இல்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் வேலை என்றாலும், டிராயிங்கைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு டீ குடித்து நாலு பேரிடம் விசாரிக்கிறேன். கடலூரில் அந்தப் பாதையை அரை நிமிடத்தில் கடக்கும்போது மட்டும், நின்று டீ குடிக்க அங்கே கடை இல்லையே என்று மனம் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது. அதை இல்லாமல் ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டே.