அலுவலகத்தில் தண்ணீர் குடிக்காதவள்

சிதம்பரத்தில் டைப்ரைட்டிங் படித்த எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அரிசி மண்டியில் வேலை கிடைத்தது. அங்கே நான் ஒருத்திதான் பெண். அடிக்க வேண்டிய தாளை நீட்டுவதோடு சரி, யாரும் என்னிடம் பேசமாட்டார்கள். ஆண்கள் கொல்லைச் சுவரோரம் ஒதுங்குவார்கள். எனக்கு இடம் கிடையாது. இதை யாரிடம் போய்க் கேட்பது? காலைக் காபியோடு சரி. மாலையில் வாடகை அறைக்குத் திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள், டைப் அடித்துக்கொண்டிருந்தவள் விலாவுக்குக் கீழே குத்திய வலியில் சுருண்டுவிட்டேன். சிறுநீர் டிக்காக்ஷன் நிறத்தில் எரிச்சலோடு போயிற்று. துணைக்கு ஆளில்லாமல் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிட்னி ரத்தத்த ஓயாம வடிகட்டுதும்மா. ஒடம்புக்கு வேண்டிய தண்ணிய ரத்தத்துக்கே திருப்பிடும். கழிவக் கரைச்சு வெளிய அனுப்ப கொஞ்சம் தண்ணி மிஞ்சணும். நீ குடிக்கவே இல்லன்னா அது எதுல கரைக்கும்? கல்லுதான் கட்டும்."

மறுநாள் வெட்கத்தை விட்டு மண்டிக்குப் பின்வீட்டுக் கதவைத் தட்டினேன். கணவர் பினாங்கில் இருக்க, தனியாக வசிக்கும் ஒரு முஸ்லிம் அம்மா திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்காவா இத்தினி நாளு தவிச்ச? நானும் பேச ஆளில்லாமத்தான் கெடக்குறேன். கொல்லக் கதவத் தெறந்தே வெக்கிறேன், வந்துட்டுப் போ" என்றார்.

இப்போது மேஜைமேல் கூஜா வைத்து, எல்லோர் எதிரிலும் குடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது. அன்றும் அந்தக் கொல்லைக் கதவு திறந்திருக்கிறது, நானும் போகிறேன்.