மருமகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த பல்பம்

மூன்று வருஷம் ஆகிறது. பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டில் ஆரம்பித்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

அப்போது மருமகள் முழுகாமல் இருந்தாள். இரண்டாம் மாதம். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. காலையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவாள். அங்கே போய் இன்னொரு டீ, ஒரு பன். நான் கட்டிக் கொடுக்கிற சோறு அப்படியே திரும்பி வரும். டப்பாவின் மூடியைத் திறந்தாலே குமட்டுகிறதாம். அவளுக்கு அம்மா இல்லை. அதனால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் என் தலையில் விழுந்தது.

நான் யாரைக் கேட்பேன்? பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, பப்பாளி, எள்ளு பக்கமே போகக் கூடாது என்றார். எதிர் வீட்டுக்காரி, இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்லு என்றாள். ஒருத்திக்கே இறங்கவில்லை, இதில் இரண்டு பேருக்கு எங்கே போவது? என் மகன் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து முட்டை கொடு என்பான், மறுநாள் அது சூடு, வேண்டாம் என்பான். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் அதிகமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடக் கடக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் மருமகள் உட்கார்ந்து எதையோ கடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற பல்பம். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். உதடெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருந்தது.

"அத்த, அவரு கிட்ட மட்டும் சொல்லாதீங்க. சோத்தைப் பாத்தா வாந்தி வருது. இதுதான் வேணும் வேணும்னு இருக்குது."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்கு வந்த புதிதில், முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, அடுப்பு மண்ணைப் பெயர்த்துப் பெயர்த்துத் தின்பேன். அந்தப் பிள்ளை நாலாம் மாதம் தங்காமல் போய்விட்டது. மண்ணோடு சேர்த்துப் பிள்ளையையும் தின்றுவிட்டாள் என்று என் மாமியார் சொன்னார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மகனிடம்கூட.

அப்படியென்றால் அந்தப் பல்பத்தை உடனே பிடுங்கி எறிந்திருக்க வேண்டாமா? அதுதான் எனக்கே புரியவில்லை. மசக்கையில் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது ஒரு பயம். மண்தானே கெட்டது, பல்பம் பள்ளிக்கூடத்துச் சாமான்தானே என்று ஒரு சமாதானம். எல்லாவற்றுக்கும் மேலே அவள் முகம். மறுநாள் நானே கடைக்குப் போய் ஒரு டப்பி வாங்கிவந்து கொடுத்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"இன்னா ஆயா, இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டியா?" என்று கடைக்காரர் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

மூன்றாம் மாதம் முடிவதற்குள் அவளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஒருநாள் வேலை செய்கிற இடத்தில் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டாள். பயந்துபோய்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சீட்டு வர மத்தியானம் ஆனது.

டாக்டரம்மா சின்ன வயசுதான், கன்னடத்தில் பேசினார். எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும், பேசத்தான் வாய் வராது. ரத்தம் ரொம்பக் கம்மி, இப்படியே விட்டால் தாய்க்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம் என்றார். மண், பல்பம், பச்சரிசி ஏதாவது தின்கிறாயா என்று மருமகளைக் கேட்டார். இவள் இல்லை என்று தலையாட்டினாள். பஸ்ஸில் கேட்பாளே என்று எடுத்து வந்த டப்பி என் கைப்பையில் இருக்கிறது. டப்பியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டேன்.

யார் வாங்கிக் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டார். மருமகள் என் பக்கம் திரும்பாமலே, "நானேதான் வாங்குனேன்" என்றாள்.

நான் காட்டிக் கொடுத்தேன், அவள் என்னைக் காப்பாற்றுகிறாள். கொஞ்ச நேரம் நான் பேசாமல்தான் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் எப்படியோ வாய் திறந்தது.

"நான்தான் வாங்கியாந்து குடுத்தேம்மா. நானும் மண்ணு தின்னவதான். மண்ணு தின்னா புள்ள போயிடுமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை பிள்ளை, எந்த மாதம், அப்போது ரத்தம் பார்த்தார்களா என்றெல்லாம் கேட்டார். ரத்தம் எல்லாம் யார் பார்த்தார்கள்? பிறகு என்னைப் பாட்டி என்கிற மாதிரி கன்னடத்தில் அஜ்ஜி என்று கூப்பிட்டு, தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"ஏன் போச்சுன்னு இப்ப யாருக்கும் சொல்ல ஆகாது அஜ்ஜி. ரத்தம் கம்மி இருந்தா சில பேருக்கு இந்த மாதிரி தின்ன ஆசை வரும். அது கெட்ட புத்தி இல்ல."

பல்பத்தை விட்டுவிட வேண்டும், ரத்தம் ஊற எழுதிக் கொடுக்கிற மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போட வேண்டும், டீயை அதன் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது, ஒரே தடவையில் இறங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் மருமகள் பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "அத்த, அடுப்பு மண்ணு எப்படி இருக்கும்?"

"மழ பேஞ்ச வாசன மாதிரி இருக்கும்மா. நீ தின்னாத."

சிரித்துவிட்டாள். கூடவே நானும் சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து யாரையும் கேட்பதை விட்டு, அவளையே கேட்டேன். சூட்டில் எழும்பும் வாசனைதான் ஆகவில்லையாம். அதனால் ஆறினபிறகு கொடுத்தேன். முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை, எல்லாம் குட்டிக் குட்டி டப்பாக்களில். முதலில் பாதி திரும்பி வந்தது. பல்பம் கேட்டு இரண்டு தடவை அழுதாள், எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் கடைப் பக்கம் போகவில்லை. மாத்திரையில் ரத்தம் ஏற ஏற அந்த ஆசை தானாகவே குறைந்துபோனது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

என் முதல் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் இத்தனை காலம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு என்னையே வைதுகொண்டிருந்தவளுக்கு, தெரியாது என்று சொல்ல முடிவதே இப்போது பெரிய ஆறுதலாக இருக்கிறது.