முழங்கால் உயரத்து வெளிச்சம்

வயர்த் தோலைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டுத்தான் பாண்டுரங்கன் வாயைத் திறப்பார். கேள்வி ஒன்றுதான்: "எந்த ரோடு, எத்தினி மணிக்கு?" பதில் வராமல் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரக் கொட்டகையில் எந்த வண்டி விளக்கும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராது.

தெளிந்த சாலைக்கு நீளமாகப் பாயும் வெள்ளை விளக்கு. மூடுபனிக்கு மஞ்சள் கண்ணாடி. ஒளி அகலமாக விரிய வேண்டும். பம்பருக்குக் கீழே மாட்ட வேண்டும், முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. உயரத்தில் வைத்த வெள்ளை ஒளி பனியில் பட்டு ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பிவிடும். வெளிச்சம் கூடினால் பார்வையும் கூடும் என்று நம்புகிறவர்களை அவரால் பொறுக்க முடியாது. "கண்ணு வோணுமா, பவுசு வோணுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். பண்பாளர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர் மறுபடி அந்தப் பக்கம் வந்ததில்லை.

இந்த மார்கழியில் அவர் கோபம் ஏகாம்பரநாதன் மேல். மணிமங்கலத்திலிருந்து தொழிற்சாலை முதல் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றி வரும் வேன் அவருடையது. சென்ற வாரம் ஏரிக்கரைத் திருப்பத்தில், பனிக்குள் நின்ற மாட்டுவண்டி பத்தடித் தூரத்தில்தான் ஓட்டுநர் மாரிக்குத் தெரிந்தது. முன்சீட்டில் இருந்தவர் பாண்டுரங்கனின் மனைவி அம்சவல்லி. மாரி போட்ட பிரேக்கில் வளையல் உடைந்து கிழித்த கையோடு அன்று வேலைக்குப் போனார்.

ஏகாம்பரநாதன் விளக்கு மாட்டத்தான் வந்திருந்தார். வெள்ளை விளக்கு இரண்டு. வேனின் கூரைமேல், முருகன் பெயர்ப்பலகைக்கு இருபுறமும்.

"மேல வெச்சா பனியில ஒண்ணும் தெரியாது சார். கீழதான் மாட்டணும்."

"வெளக்குன்னா லட்சுமிய்யா. சேறு தெறிக்கிற எடத்துல, கால்மாட்டுலயா வைப்பாங்க?"

"லட்சுமி மேலயே குந்திக்கினு இருக்கட்டும். உள்ள கீறவங்க சாவட்டும். அதானே?"

"பொஞ்சாதி வர்ற வண்டின்னு குதிக்கிறியா? அந்தம்மாவ நாளையிலேருந்து நின்னுக்கச் சொல்லு."

"பதினெட்டு பேரு வர்றாங்க. அதுல ஒண்ணுதான் என்னுது. மீதிப் பதினேழையும் நிறுத்திடுவியா?"

மாரி தலையைச் சொறிந்தார். "மொதலாளி, அன்னிக்கி கண்ணாடிக்கு முன்னால வேட்டியக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி..."

"நீ வாய மூட்றா. காஞ்சிவரத்துல ஆளா இல்ல? சொன்ன எடத்துல மாட்டிக் குடுப்பான். எடுறா வண்டிய!"

மாட்டிக் கொடுப்பான் என்று பாண்டுரங்கனுக்கும் தெரியும். சொன்ன இடத்தில் மாட்ட அறிவு வேண்டாம், ஏணி போதும். நாளை விடியலில் அதே பனி, அதே திருப்பம், முன்சீட்டில் அம்சவல்லி.

ஏகாம்பரநாதன் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். மாரி தயங்கித் தயங்கிச் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமியது. பாண்டுரங்கன் ஒரு கையில் மஞ்சள் விளக்கும் மறு கையில் டிரில்லுமாக வேனுக்கு முன்னால் போனார். தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மார்புவரை உள்ளே நகர்ந்தார். ஹாரன் அலறியது. கீழே டிரில் இரும்பைக் குடையத் தொடங்கியது.